விடுமுறையில் மலேசியாவுக்கு வேலைக்குப் போய் டெங்குக் காய்ச்சலில் விழுந்தேன்: இந்த ஆண்டு போக நினைக்கும் தம்பிகளுக்காக

பனைக்குளத்து மாணவன் எழுதியது:

அனைவருக்கும் சலாமும் வணக்கமும். பொறியியல் படிப்பில் மூன்றாம் ஆண்டு முடிந்த கோடை விடுமுறையில் எனக்கு நேர்ந்ததை இங்கே எழுதுகிறேன். இப்போது விடுமுறை நெருங்குகிறது. எனக்குத் தெரிந்தே இரண்டு பேர் பயணச்சீட்டு எடுத்துவிட்டார்கள்.

பனைக்குளம், சித்தார்கோட்டை, புதுவலசை, அழகன்குளம் என்று இராமநாதபுரம் கடற்கரையிலுள்ள எங்கள் பக்கத்து ஊர்களில் எந்தத் தெருவுக்குப் போனாலும் மலேசியாவில் சாப்பாட்டுக் கடையில் இருக்கும் சிலரையாவது சொல்லிவிடலாம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் விசா இல்லாமலே 30 நாட்கள் அங்கே தங்கலாம் என்று ஆனபிறகு, விடுமுறையில் போய் உறவினர் கடையில் ஒரு மாதம் நின்று, கல்லூரிக் கட்டணத்துக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு வருவது எங்கள் வயதுப் பையன்களுக்கு எளிதாகத் தோன்றுகிறது. சுற்றிப் பார்க்க வந்தவர் வேலை செய்வது அந்நாட்டுக் குடிநுழைவுச் சட்டப்படி குற்றம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே போனேன், அதற்காக வருந்துகிறேன்.

திருச்சியிலிருந்து விமானம் ஏறி, சிலாங்கூர் மாநிலத்தில் தூரத்து உறவில் மாமா முறையான ஒருவருடைய கடையில் சேர்ந்தேன். மாலை 7 மணிக்கு நின்றால் காலை 7 மணிக்குத்தான் இறங்க வேண்டும். முதல் வாரம் தட்டுக் கழுவினேன், அடுத்த வாரம் தேநீர் கலக்கும் இடத்தில் நிறுத்தினார்கள். கடைவரிசையின் மேல்மாடியில் ஒன்பது பேர் தங்கியிருந்தோம். குளியலறையில் மூடியில்லாத ஒரு நீலப் பீப்பாயில் எப்போதும் தண்ணீர் நிறைந்திருக்கும். பகலெல்லாம் நாங்கள் தூங்குவோம். ஒருவரிடமும் கொசுவலை கிடையாது.

பதினான்காம் நாள் இரவு வேலையின் நடுவிலேயே குளிர் வந்தது. கண்ணுக்குப் பின்னால் குத்துவது போன்ற வலியும், முதுகையும் முழங்காலையும் யாரோ அடித்துப் போட்டது போன்ற வலியும் இருந்தன. இரவு விழித்துப் பழக்கமில்லாததால் வந்த காய்ச்சல் என்று நானே முடிவு செய்துகொண்டேன். உடன் தங்கியிருந்த ஒரு காக்கா (அண்ணன் முறையானவரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) அன்போடு தம்மிடமிருந்த வலி மாத்திரையைக் கொடுத்தார். நான்கு நாட்கள் பாராசிட்டமாலும் அந்த மாத்திரையுமாக ஓட்டினேன். மருத்துவரிடம் போகலாம் என்று மாமா சொல்லாமல் இல்லை, நான்தான் மறுத்தேன். கிளினிக்கில் கடவுச்சீட்டைக் கேட்பார்கள், எங்கே வேலை செய்கிறாய் என்று கேட்பார்கள், கடைக்குச் சிக்கல் வரும் என்று பயந்தேன். செலவை நினைத்தும் பயந்தேன். வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போது முகம் தெரியாதபடி கேமராவை அணைத்துவிட்டு, இணையம் சரியில்லை என்று உம்மாவிடம் பொய் சொன்னேன்.

ஐந்தாம் நாள் காலையில் வியர்த்துக் காய்ச்சல் முற்றிலும் விட்டுவிட்டது. எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா! குளித்துவிட்டு அன்று மாலை வேலைக்கு இறங்கினேன். ஒன்பது மணியளவில் வயிற்றில் பிசைவது போன்ற வலி எடுத்தது, மூன்று முறை வாந்தி வந்தது, கையெல்லாம் சில்லிட்டது. பல் ஈறில் இரத்தம் வந்ததைப் பார்த்தவர் கல்லாவில் இருந்த காக்காதான். கிளினிக்கில் இரத்தத்தைச் சோதித்த மருத்துவர், இது டெங்கு, இரத்தம் உறைய உதவும் தட்டணு 22 ஆயிரமாக இறங்கிவிட்டது என்று மாமாவிடம் சொன்னார். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் ஆம்புலன்ஸை அழைத்தார். அரசு மருத்துவமனையில் ஆறு நாட்கள் இருந்தேன். முதல் இரண்டு நாட்கள் என் நினைவில் தெளிவாக இல்லை.

டெங்கு கண்டால் 24 மணி நேரத்துக்குள் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அதன்படி அலுவலர்கள் எங்கள் தங்குமிடத்துக்கு வந்தார்கள். நான் எதற்காக நான்கு நாட்கள் ஒளிந்து கிடந்தேனோ அதுவே நடந்தது. ஆனால் வந்தவர்கள் பீப்பாயைத்தான் பார்த்தார்கள். அதில் கொசுப் புழு இருந்தது. புகை அடித்தார்கள், கடைக்கு அபராதம் எழுதினார்கள், போய்விட்டார்கள். மருத்துவமனைப் பணத்தை மாமாவே கட்டினார். அது நான் ஒரு மாதத்தில் சம்பாதிக்க நினைத்ததைப் போலப் பல மடங்கு. வாப்பாவுக்கு மூன்றாம் நாள்தான் தெரியும்.

இதைப் படிக்கும் தம்பிகள் போகக் கூடாது என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. காய்ச்சல் வந்தால் மறைக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மருத்துவம் தெரிந்தவர்கள் இங்கே இருந்தால், காய்ச்சல் விட்ட பிறகு எனக்கு ஏன் அப்படி ஆனது என்று விளக்க வேண்டும்.


கீழக்கரைச் சபராளி எழுதியது:

தம்பி, நீ பிழைத்து வந்ததற்கு இறைவனுக்கே புகழ். முப்பது ஆண்டுகள் சபரில், அதாவது பிழைப்புக்காக வெளிநாட்டில், இருந்தவன் என்ற முறையில் சில சொற்கள் எழுதுகிறேன்.

நாங்கள் போன காலத்திலும் காய்ச்சல் இருந்தது, அறைக்குப் பத்துப் பேர் இருந்தோம், கொசுவும் இருந்தது. ஆனால் அப்போது போனவர்கள் வேலை பெர்மிட்டோடு போனோம். படுத்துவிட்டால் முதலாளியே கையைப் பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துப் போவார். அது அவருடைய பொறுப்பு என்று இருவருக்கும் தெரியும். இப்போது ஒரு மாத விருந்தாளியாகப் போகிற பிள்ளைக்குப் படுப்பதற்கே உரிமையில்லை. நீ மாமாவுக்குச் சிக்கல் வரக் கூடாது என்று ஒளிந்தாய். மாமாவோ நீ வற்புறுத்தியதால் விட்டார். உறவுக்காரர் என்ற அந்த அன்பே நான்கு நாட்களைத் தின்றுவிட்டது. அந்நியர் கடையாக இருந்திருந்தால் இரண்டாம் நாளே உன்னைக் கிளினிக் வாசலில் இறக்கியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

பயணத்தைக் குறை சொல்ல என்னால் முடியாது. இந்தக் கடற்கரை பயணத்தால் பிழைத்த கரை. ஆனால் விடுமுறை வேலை என்று இப்போது நடப்பது சபர் ஆகாது.


பாம்பன் செவிலியர் எழுதியது:

தம்பி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறேன். எங்கள் பாம்பனிலிருந்து சிங்கப்பூருக்குப் போய் ஆறு ஆண்டுகள் மருத்துவமனைப் பிரிவில் பணியாற்றியவள் நான். உங்களைப் போன்ற இளைஞர்கள் எத்தனையோ பேரைப் படுக்கையில் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலரும் காய்ச்சல் விட்ட அன்றே வேலைக்குப் போனவர்கள்.

டெங்குவில் காய்ச்சல் 2 முதல் 7 நாட்கள் வரை இருக்கும். அந்த நாட்களில் உடல் வலி தாங்க முடியாததாக இருந்தாலும், பெரும்பாலோருக்கு உயிருக்கு ஆபத்து அப்போது வருவதில்லை. காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் சிலருக்கு நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்கும். இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாயை விட்டு வெளியேறி வயிற்றிலும் நெஞ்சுக்கூட்டிலும் தேங்கும். குழாய்க்குள் மிஞ்சும் இரத்தம் கெட்டியாகும். இரத்த அழுத்தம் சரியும். இந்தக் கசிவு ஒன்று அல்லது இரண்டு நாட்கள் நீடிக்கும். அந்த 24 முதல் 48 மணி நேரத்தை அளவாக நீர் ஏற்றிக் கடத்திவிட்டால், கசிந்த நீர் தானே திரும்பி வந்துவிடும். நோயாளி எழுந்து உட்கார்ந்துவிடுவார். உங்களுக்கு ஐந்தாம் நாள் மாலை வந்த வயிற்று வலியும், தொடர் வாந்தியும், கை சில்லிட்டதும், ஈறில் இரத்தமும் அந்தக் கசிவின் அடையாளங்கள். இவற்றோடு மூச்சு வாங்குதல், நிலைகொள்ளாமை, அளவுக்கு மீறிய சோர்வு, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றில் ஒன்று வந்தாலும் அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அந்தக் காக்கா அன்போடு கொடுத்த வலி மாத்திரை என்னவென்று எனக்குத் தெரியாது. ஆஸ்பிரின், இபுபுரூபன், டைக்குளோஃபினாக் ஆகியவை இரத்தக் கசிவை அதிகமாக்கும், வயிற்றையும் புண்ணாக்கும். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் ஒன்றே போதும். அதிலும் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு, என்பதைத் தாண்டவே கூடாது. ஏற்கெனவே கல்லீரல் நொந்திருக்கும் நோய் இது.

எல்லோரும் தட்டணுவையே கேட்கிறார்கள். நாங்கள் படுக்கையருகே அதைவிட உன்னிப்பாகப் பார்ப்பது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு ஏறுகிறதா என்பதைத்தான். தட்டணு குறைந்து கொண்டிருக்க, சிவப்பணுக்களின் பங்கு ஏறிக்கொண்டும் போனால் கசிவு தொடங்கிவிட்டது என்று பொருள். மூன்றாம் நாளிலிருந்து தினமும் இரத்த எண்ணிக்கை பார்ப்பது அதற்காகவே. முதல் ஐந்து நாட்களுக்குள் என்றால் வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 என்ற இரத்தச் சோதனையில் நோய் தெரியும். அதன் பிறகு, நோயை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை வேண்டும்.

உங்கள் பதிவில் யாரும் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது: "பகலெல்லாம் நாங்கள் தூங்குவோம்." டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. விடிந்த பிறகும் மாலை மயங்குவதற்கு முன்னும் அது மிகுதியாகக் கடிக்கும். இரவு வேலை பார்த்துவிட்டுக் காலை எட்டு மணிக்கு அயர்ந்து தூங்குகிறவரின் காலும் கையும் அதற்கு விருந்து. கொசுவலை இரவுக்கு உரியது என்று நம் ஊரில் நினைக்கிறோம். இரவு வேலைக்காரருக்கு அது பகலில் வேண்டும்.


தொண்டி வாசகர் எழுதியது:

செவிலியர் அம்மா எழுதியதைப் படித்தபின் என் அனுபவத்தையும் சொல்லத் துணிகிறேன். இது டெங்கு அல்ல, மலேரியா. மலேசியா அல்ல, உகாண்டா.

நான் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர். ஓர் அரையாண்டு விடுமுறையோடு சம்பளமில்லா விடுப்பும் எடுத்துக்கொண்டு, கம்பாலாவில் மொத்த வியாபாரம் செய்யும் என் மைத்துனருக்கு ஆண்டுக் கணக்கு முடித்துக் கொடுக்கப் போனேன். கிண்டியிலுள்ள கிங் நிலையத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குப் பத்து நாட்களுக்கு முன்பே போட்டுக்கொண்டேன். அந்த அட்டை இல்லாமல் அங்கிருந்து திரும்பினால் இங்கே விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள் என்பதால் அதில் கவனமாக இருந்தேன். மலேரியாவுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அங்கே இருந்த நாட்களில் ஒரு நாளும் தவறாமல் விழுங்கினேன். ஊர் திரும்ப விமானம் ஏறிய அன்று, இனி எதற்கு என்று நிறுத்திவிட்டேன். திரும்பிய பிறகும் நான்கு வாரங்கள் விழுங்க வேண்டும் என்று உறையின் மேலேயே எழுதியிருந்தது.

ஊர் வந்த பதினோராம் நாள் காய்ச்சல். பக்கத்திலிருந்த ஒரு மருத்துவரிடம் போனேன். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஊருக்கு வந்து நாளாகிவிட்டது, இது ஊர்க் காய்ச்சல் என்றே நினைத்தேன். மூன்று நாட்கள் ஊசி போட்டார்கள். நான்காம் நாள் பேச்சுக் குழறியது, சிறுநீர் கறுத்தது. இராமநாதபுரம் கொண்டு போனார்கள். அங்கே பணியிலிருந்த ஓர் இளம் மருத்துவர் என் மனைவியிடம் கேட்ட முதல் கேள்வி, "கடைசியாக வெளியூர் எங்கே போனார்?" என்பதுதான். உகாண்டா என்று சொன்ன அரை மணி நேரத்தில் இரத்தப் பூச்சுச் சோதனையில் ஃபால்சிபாரம் என்ற கடுமையான மலேரியாக் கிருமி தெரிந்துவிட்டது. ஆர்டிசுனேட் என்ற மலேரியா மருந்தை ஊசியாகப் போட்டுக் காப்பாற்றினார்கள்.

அந்த மருத்துவர் பின்னர் சொன்னது: ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பியவருக்கு மூன்று மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், வேறெதையும் நினைப்பதற்கு முன் மலேரியாவை நினைக்க வேண்டும், முதல் சோதனையில் இல்லையென்று வந்தாலும், சந்தேகம் இருக்கும்வரை மறுநாளும் அதற்கு மறுநாளும் பார்க்க வேண்டும். ஆகவே மருத்துவர் கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும். நான் அந்தப் பதினோரு நாட்களில் மூன்று கலியாணங்களுக்குப் போயிருந்தேன். உகாண்டா என் நினைவிலேயே இல்லை.


ஏர்வாடி வாசகர் எழுதியது:

பப்பாளி இலைச் சாறும் நிலவேம்புக் குடிநீரும் கொடுத்தால் தட்டணு ஏறிவிடும் என்று எங்கள் வீட்டில் உறுதியாக நம்புகிறோம். 2012இல் டெங்கு பரவியபோது அரசே நிலவேம்பு கொடுத்தது. வெளிநாட்டுக்குப் போகும் பிள்ளையிடம் அந்தப் பொடியைக் கொடுத்து அனுப்பலாமா? அத்துடன், எல்லாக் காய்ச்சலும் டெங்குதானா என்பதையும் செவிலியர் சொல்ல வேண்டும்.


பாம்பன் செவிலியர் எழுதியது:

நிலவேம்பைக் கொடுத்து அனுப்புங்கள். என் தாயும் கொடுத்து அனுப்பினார். ஆனால் அதைக் குடித்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் இரத்தச் சோதனையைத் தள்ளிப் போடக் கூடாது. தட்டணு தானாகவே இறங்கித் தானாகவே ஏறும் நோய் இது. ஏறும் நேரத்தில் எதைக் குடித்தோமோ அதற்குப் பெயர் போய்விடுகிறது. வாந்தி எடுக்கிறவருக்குக் கசப்பான சாற்றை வற்புறுத்திக் கொடுப்பதைவிட, அரிசிக் கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றை மடக்கு மடக்காகக் கொடுப்பது நல்லது.

எல்லாக் காய்ச்சலும் டெங்கு அல்ல. சாப்பாட்டுக் கடையின் பின்சந்து எப்படி இருக்கும் என்று அங்கே நின்றவர்களுக்குத் தெரியும். மழை பெய்து வாய்க்கால் நிரம்பும்போது எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் செருப்பில்லாமல் நிற்கிறவருக்கு, காலில் ஒரு சிறு வெடிப்பு இருந்தாலும் எலிக் காய்ச்சல் வரலாம். கெண்டைக்கால் தசையைத் தொடவே முடியாத வலி, சிவந்த கண், பிறகு மஞ்சள் காமாலை என்று அது போகும். முன்கூட்டியே கண்டுகொண்டால் டாக்ஸிசைக்ளினுக்கோ பென்சிலினுக்கோ கட்டுப்படும். தட்டுக் கழுவும் இடத்தில் நிற்கும் பிள்ளைகளுக்கு ரப்பர் காலணி வாங்கிக் கொடுங்கள் என்று கடைக்காரர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் மெலியாய்டோசிஸ் என்ற நோயையும் தெரிந்துகொள்ள வேண்டும். தென்கிழக்கு ஆசியாவின் சேற்றிலும் வயல் நீரிலும் இருக்கும் கிருமி அது; சாதாரண நிமோனியா போல் வந்து ஆளைச் சாய்த்துவிடும்.


மண்டபம் ஆசிரியர் எழுதியது:

செவிலியர் குறிப்பிட்ட அந்த நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டது பர்மாவின் இரங்கூனில். விட்மோர் என்ற மருத்துவரும் கிருஷ்ணசாமி என்ற அவருடைய உதவியாளரும் இறந்துபோன ஏழைகளின் உடல்களைச் சோதித்து, 1912இல் அதை உலகுக்கு எழுதினார்கள். அந்நாளைய இரங்கூனில் கூலிகளாகவும் துறைமுகத் தொழிலாளர்களாகவும் நம் மக்கள் ஏராளமாக இருந்தார்கள். பிழைக்கப் போன இடத்தில் பெயர் தெரியாத காய்ச்சலில் மாண்ட நம்மவர்கள் எத்தனை பேரோ என்று அதைப் படித்தபோது நெஞ்சு கனத்தது.

எங்கள் மண்டபம் முகாமையும் இங்கே நினைக்கிறேன். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களைக் கப்பலேற்றும் முன் இங்கே தங்கவைத்து, அம்மையும் வாந்திபேதியும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே தனுஷ்கோடி வழியாக அனுப்பினார்கள். அது தோட்ட முதலாளிகளின் நலனுக்காக நடந்ததுதான். ஆனாலும் போகிறவரின் உடலைப் பார்ப்பது பயணத்தின் ஒரு பகுதியாக இருந்தது. இன்று நாம் பெட்டியை எடை பார்க்கிறோமே தவிர, போகிற பிள்ளைக்கு இரத்தப் பிரிவு என்ன, எந்த மாத்திரை ஒவ்வாது என்றுகூட ஒரு தாளில் எழுதி அனுப்புவதில்லை.


பெரியபட்டினத்துத் தாய் எழுதியது:

பிள்ளைகள் எழுதுவதைப் படித்துக்கொண்டிருந்தேன். கேமராவை அணைத்துவிட்டுப் பேசினேன் என்று அந்தத் தம்பி எழுதிய இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை. என் மூத்த மகனும் இப்படித்தான் செய்தான். அவனுக்கு டைபாய்டு. பதினெட்டு நாட்கள் கழித்து, கடையிலிருந்த வேறொரு பையன் தன் தாயிடம் சொல்லி, அந்த ராத்தா என் வீட்டுக்கு வந்து சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும்.

நாங்கள் கவலைப்படுவோம் என்று மறைக்கிறீர்கள். உங்கள் குரலை வைத்தே ஏதோ சரியில்லை என்று எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அதன்பின் என்னவென்று தெரியாமல் இரவெல்லாம் விழித்திருப்பதைவிட, டெங்கு என்று ஒரு சொல் கேட்டால் மருத்துவரிடம் ஓடவாவது முடியும், அங்கே இருக்கிற உறவினரை எழுப்பவாவது முடியும். நாங்களும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். போகிறபோது, "மாமா வீட்டுக்குத் தொந்தரவு கொடுக்காதே" என்று சொல்லி அனுப்புவது நாங்கள்தான். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பிள்ளை படுக்கையில் வாயை மூடிக் கிடக்கிறது. என் இளைய மகனிடம் இனி அப்படிச் சொல்ல மாட்டேன்.


மலேசியாவின் கிள்ளானில் கடை வைத்திருப்பவர் எழுதியது:

கடைக்காரர்கள் பக்கத்தையும் கேட்க வேண்டும். எனக்கும் சொந்த ஊர் இந்தக் கடற்கரைதான். 2023 மார்ச்சில் புதிய வெளிநாட்டுத் தொழிலாளர் ஒதுக்கீட்டை நிறுத்தி வைத்ததிலிருந்து ஆள் கிடைப்பது பெரும் பாடாக இருக்கிறது. ஊரிலிருந்து அண்ணனும் அக்காளும் தொலைபேசியில் அழைத்து, விடுமுறைக்குப் பிள்ளை சும்மா இருக்கிறான், ஒரு மாதம் உன்னோடு வைத்துக்கொள் என்று கேட்டால் மறுக்க நாக்கு எழுவதில்லை. சட்டம் தெரியாதவர்கள் அல்ல நாங்கள்.

பனைக்குளத்துத் தம்பியின் பதிவைப் படித்த பிறகு என் கடைத் தங்குமிடத்தின் பின்கட்டைப் போய்ப் பார்த்தேன். பீப்பாய்க்கு மூடி இல்லை. மூடி போட்டுவிட்டேன், வலையும் வாங்கிவிட்டேன். பக்கத்துக் கிளினிக்கில், எங்கள் ஆட்கள் யார் வந்தாலும் முதலில் பாருங்கள், மாதக் கடைசியில் நான் கட்டுகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சுற்றிப் பார்க்க வரும் பிள்ளைகளை இனி வீட்டுக்கு விருந்தாளியாக மட்டும் அழைப்பேன்.


இராமநாதபுரம் பயண ஆவண உதவியாளர் எழுதியது:

கடைக்காரர் நல்ல முடிவு எடுத்திருக்கிறார். காப்பீடு பற்றி இங்கே யாரும் எழுதவில்லை. அந்தத் தம்பியை ஒளியவைத்தது பாதி காப்பீடு இல்லாததுதான் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

முறையான பெர்மிட்டில் போகிறவருக்குப் பல பாதுகாப்புகள் இருக்கின்றன. சிங்கப்பூரில் 2023 ஜூலை 1 முதல் ஒவ்வொரு பெர்மிட் தொழிலாளிக்கும் ஆண்டுக்கு 60,000 சிங்கப்பூர் வெள்ளிக்குக் (டாலர்) குறையாத மருத்துவக் காப்பீட்டை முதலாளி எடுத்தாக வேண்டும். முன்பு அது 15,000ஆக இருந்தது. மலேசியாவில் 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளரும் அந்நாட்டுச் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் வேலையிட விபத்துப் பாதுகாப்புக்குள் வந்தார்கள். அங்கே மருத்துவமனைச் செலவுக்குத் தனிக் காப்பீடும் உண்டு. குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் கடவுச்சீட்டில் போகிறவர்களுக்கு நம் நாட்டின் பிரவாசி பாரதிய பீமா யோஜனா கட்டாயம். இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுகளுக்கு 375 ரூபாய்தான் கட்டணம். விபத்தில் இறந்தால் அல்லது நிரந்தர ஊனமானால் 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். பத்தாம் வகுப்புத் தேறிய கல்லூரி மாணவருக்கு அந்த அனுமதி தேவையில்லை என்பதால், இந்தக் காப்பீடும் அவரைத் தானாக வந்து சேர்வதில்லை.

சுற்றுலாவாக ஒரு மாதம் போகிறவர் பயணக் காப்பீடு எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். சாப்பாட்டுச் செலவைவிடக் குறைவான தொகைதான் ஆகும். ஆனால் அதன் விதிகளைப் படியுங்கள். சட்டத்துக்குப் புறம்பான வேலையில் இருந்தபோது நேர்ந்தது என்று தெரிந்தால் பணம் தர மறுக்க நிறுவனத்துக்கு வழி இருக்கும். அப்போது காப்பீடு கையில் இருந்தும் இல்லாதது போலத்தான்.

எதுவுமே இல்லாமல் ஒருவர் மருத்துவமனையில் கிடந்தால், தூதரகத்துக்குத் தகவல் கொடுக்கத் தயங்க வேண்டாம். வெளிநாடுவாழ் இந்தியர்களின் அவசர உதவிக்கென 2009இல் தொடங்கிய சமூக நல நிதி ஒவ்வொரு தூதரகத்திலும் இருக்கிறது. வசதியற்றவர் என்று தூதரகம் கருதினால் அவசரச் சிகிச்சைக்கும், ஊர் திரும்பும் விமானச் சீட்டுக்கும் அதிலிருந்து உதவ இடமுண்டு. நம் வெளியுறவு அமைச்சகம் 2015இல் தொடங்கிய ‘மதத்’ (உதவி) என்ற இணையதளத்தில் ஊரிலிருக்கும் வீட்டாரே புகார் பதிவு செய்யலாம். சென்னையில் அயலகத் தமிழர் நலனுக்கான ஆணையரகமும் இருக்கிறது. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கடவுச்சீட்டு உறைக்குள் வைத்துத்தான் இப்போது நான் ஒவ்வொருவரையும் அனுப்புகிறேன்.


பனைக்குளத்து மாணவன் எழுதியது:

பதில் எழுதிய எல்லோருக்கும் என் நன்றி. பெரியபட்டினத்து உம்மாவின் பதிவை என் உம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் அடுக்களைக்குப் போய்விட்டார்.

செவிலியர் அக்காவிடம் ஒரு கேள்வி. எனக்கு மறுபடியும் டெங்கு வருமா?


பாம்பன் செவிலியர் எழுதியது:

வரலாம், தம்பி. டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. உங்களுக்கு வந்த வகை மறுபடி வராது என்று கொள்ளலாம். மற்ற மூன்றும் வரக்கூடும். இரண்டாம் முறை வேறு வகையில் வரும்போது கசிவு கடுமையாவதற்கு வாய்ப்பு கூடுதல். ஆகவே இனி எந்த ஊரில் எந்தக் காய்ச்சல் வந்தாலும், முன்பு டெங்கு வந்தது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மலேசியாவுக்குப் போனால்தான் என்றும் இல்லை. தண்ணீர் வராத நாட்களுக்காக நம் வீடுகளில் வரிசையாக நிரப்பி வைத்திருக்கும் குடங்களும் பீப்பாய்களும் அதே கொசுவுக்குத் தொட்டில்கள். வாரம் ஒரு முறை அவற்றைக் கவிழ்த்துத் தேய்த்துக் காயவிட உம்மாவுக்கு உதவுங்கள்.


பனைக்குளத்து மாணவன் எழுதியது:

நேற்று எங்கள் வீட்டுக் கொல்லையில் இருந்த நான்கு பீப்பாய்களையும் தேய்த்துக் கவிழ்த்தோம். ஒன்றில் புழு இருந்தது.

பயணச்சீட்டு எடுத்த இருவரைப் பற்றி முதல் பதிவில் எழுதியிருந்தேன். இருவரையும் உட்காரவைத்து இந்த இழையைப் படிக்கச் சொன்னேன். ஒருவன் சீட்டை இரத்து செய்துவிட்டான். மற்றவன் போகத்தான் போகிறான்; பத்து நாட்கள் தன் சாச்சா வீட்டில் தங்கி, சுற்றிப் பார்த்துவிட்டு மட்டும் திரும்புவதாக அவனுடைய வாப்பாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறான். பயணக் காப்பீடு எடுத்துவிட்டோம். செவிலியர் அக்கா எழுதிய அடையாளங்களைக் கையால் எழுதி, காய்ச்சல் தொடங்கிய நாளைக் குறிக்க ஒரு கட்டமும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். என் கொசுவலையையும் கொடுத்துவிட்டேன். அவனுடைய உம்மாவின் எண்ணை நான் வாங்கி வைத்திருக்கிறேன். தினமும் இரவு கேமராவோடுதான் பேச வேண்டும் என்று அவரிடமும் சொல்லிவிட்டேன்.